கள்ளிக்கு வந்த சத்துரு

ஒரே பூச்சிக்கு ஒரு தேசத்தில் ஞாபக மண்டபம். மற்றொரு தேசத்தில் மரண தண்டனை! கட்டுக்கதை போல் தோன்றினாலும் இது முற்றிலும் உண்மை.

நம் வேலியோரங்களில் காணும் சப்பாத்திக் கள்ளியின் இனத்தைத் தின்று வாழும் அந்துப்பூச்சி ஒன்று தென் அமெரிக்காவில் உண்டு. 'காக்டோபிளாஸ்டிஸ்' என்பது சாஸ்திரிகள் அதற்கு இட்ட பெயர். ஆஸ்திரேலியாவில் கள்ளி சுமார் 6 கோடி ஏக்கர் நிலத்தில் பரவிக் குடியானவர்களை விரட்டிக்கொண்டிருந்தபோது, 1925-இல் இப்பூச்சியின் முட்டைகளை அர்ஜென்டினாவிலிருந்து தருவித்தார்கள். 10 ஆண்டுகளுக்குள் கள்ளிக் காடு பெரும்பாலும் அழுகி மடிந்தது. நன்றி மறவாத குவீன்ஸ்லாந்து ஜனங்கள் 1936-இல் பூனார்கா என்ற சிற்றூரில் இதன் பெயரால் மண்டபம் ஒன்றைத் திறந்தார்கள்.

ஆனால் ஆஸ்திரேலியாவுக்குக் களையாயிருந்த கள்ளி மெக்ஸிகோவுக்குக் கற்பக விருட்சம். அங்கே அதன் இளமடல் கறி, பழம் தின்பண்டம். மழை பொய்த்த காலத்தில், முள்ளைப் பொசுக்கிய மடலே மேய்ச்சல் நிலத்து மாடுகளின் உயிர் காக்கும் தீனி. அந்நாட்டின் கொடியிலேயே கள்ளியின் மேல் கழுகு வீற்றிருக்கிறது.

1957-இல் களை ஒழிக்கவென்று கரீபியன் கடலிலுள்ள நெவிஸ் தீவில் விடப்பட்ட இப்பூச்சி, தீவு தீவாகப் பரவியது. 1989-இல் பிளாரிடாவிலும், 2006-இல் மெக்ஸிகோவின் இஸ்லா முஹேரஸ் தீவிலும் அது தலைகாட்டியது. கடலைத் தாண்டிப் பெருநிலத்தில் கால் வைத்தால் ஏழைகளின் அடுப்பும் மாட்டுத் தொழுவமும் என்னாவது?

மருந்து தெளித்தால் போதாதோ எனலாம். புழுக்கள் மடலைத் துளைத்து உள்ளே கூட்டமாகக் குடியிருப்பதால் மருந்து எளிதில் எட்டாது. நன்மை செய்யும் பூச்சிகளும் உடன் மடியும். ஆகவே, பகையை அதன் இனத்தைக் கொண்டே வெல்லத் துணிந்தார்கள்.

கால்நடைகளின் புண்ணில் புழுவைக்கும் ஒருவகை ஈயை, கதிரியக்கத்தால் மலடாக்கிய ஈக்களைப் பறக்கவிட்டே 1954-இல் குரஸாவோ தீவில் ஒழித்திருந்தார்கள். அந்துப்பூச்சிக்கோ கதிரைத் தாங்கும் வலிமை அதிகம். ஆணை முழு மலடாக்கும் அளவு கிரணம் பாய்ச்சினால் அது சோர்ந்துபோகும். காட்டுப் பெண்பூச்சியைத் தேடிப் பறக்காது. எனவே அளவைக் குறைத்தார்கள். அந்த அளவில் பெண் முழு மலடாகிறது. ஆண் பாதி மலடாகித் தெம்புடன் திரிகிறது. அதனோடு கூடும் காட்டுப் பெண்ணுக்குப் பிறக்கும் குஞ்சுகள் சொற்பம். அவையோ தந்தையைவிட அதிக மலடு. பாட்டன் வாங்கிய தண்டனையைப் பேரன் பிறவாமலே அனுபவிக்கிறான்!

ஆய்வுசாலையில் வளர்த்த பூச்சிகளுக்குக் காமா கிரணம் பாய்ச்சித் தீவில் விட்டார்கள். புழு விழுந்த செடிகளை வெட்டி அழித்தார்கள். பெண்பூச்சியின் வாசனையைப் போன்ற செயற்கை வாசனை வைத்த பொறிகளால் மிச்சம் உண்டா என்று வேவு பார்த்தார்கள். 2009-இல் பூச்சி ஒழிந்ததென மெக்ஸிகோ அறிவித்தது.

ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. அதே 2009-இல் லூயிசியானாவிலும், 2017-இல் டெக்ஸாஸிலும் அப்பூச்சி காணப்பட்டது. டெக்ஸாஸுக்கு அப்பால் மெக்ஸிகோவின் கள்ளி நிலங்கள்! ஒரு தேசம் உபகாரமென்று அழைத்த விருந்தாளி, மற்றொரு தேசத்தின் வாசலில் திருடனாய் நிற்கிறான். பிறநாட்டு உயிரொன்றைத் தன் மண்ணில் இறக்குமுன், அண்டை வீட்டாரின் வயலையும் எண்ணிப் பார்ப்பது எந்தத் தேசத்துக்கும் கடமையன்றோ?