தாயின் மக்னீசியமும் சேயின் மக்னீசியமும்

கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச் சத்தும் கல்சியமும் வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. கிளினிக்கில் மாத்திரையும் கிடைத்துவிடுகிறது. மக்னீசியத்தின் பெயரோ பெரும்பாலும் பிரசவ விடுதியில் ஆபத்து வந்த பின்னர்தான் வீட்டாரின் காதில் விழுகிறது.

வளர்ந்தவரின் உடலில் சுமார் 25 கிராம் மக்னீசியம் உண்டு. பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் கனவளவு கூடுவதால் அதன் மட்டம் சற்றுக் குறைவது இயல்பு. சிசு தனக்கு வேண்டியதை நச்சுக்கொடி வழியாகப் பெற்றுக்கொள்ளும். தாயின் நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சிறுநீருடன் மக்னீசியம் வெளியேறி, பிள்ளையும் குறைவோடு பிறக்கலாம். அப்பிள்ளைக்குக் கைகால் நடுங்கும், வலிப்பும் வரலாம். குளிரில் நடுங்குகிறது என்று போர்த்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

கர்ப்பிணி ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 350 முதல் 360 மில்லிகிராம். கௌபி, பயறு, எள்ளு, கச்சான், குரக்கன், தீட்டாத அரிசி, கீரை வகைகளில் இது தாராளம். வெள்ளைக் கோதுமை மாவில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. கெண்டைக்கால் பிடிப்புக்கு மக்னீசியம் மாத்திரை உதவும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பாமசியில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம்.

குருதி அமுக்கம் ஏறி வலிப்பு வரும் நிலையில் இதே மக்னீசியம், சல்பேற்று ஊசியாக உயிர் காக்கிறது. 33 நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடந்து 2002இல் வெளியான மக்பை ஆய்வில், வலிப்பு ஏற்படும் ஆபத்து பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஊசி ஏறும்போது உடம்பு தீயாய்ச் சுடுவதுபோல் இருக்கும். தாதி முழங்காலில் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீரை அளப்பார். அளவு மிஞ்சினால் முதலில் முழங்கால் துடிப்பு மறையும், பிறகு மூச்சு தடைப்படும். அதற்கு மாற்று மருந்தாகக் கல்சியம் குளுக்கோனேற்று உண்டு.

ஊசி மருந்து பிள்ளைக்கும் செல்லும். சில குழந்தைகள் சோர்ந்து, பால் குடிக்கப் பின்னிற்பார்கள். மூச்சையும் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் அதை மெல்ல வெளியேற்றிவிடும். “ஊசியாலதான் பிள்ளை இப்படிக் கிடக்குது” என்று மாமியார் தாயைத் திட்டுவது நியாயமில்லை. 32 வாரத்திற்கு முன் பிறக்கவிருக்கும் பிள்ளையின் மூளையைக் காக்கவும் இதே மருந்தைத்தான் தாய்க்கு ஏற்றுகிறார்கள். ஆனால் குறைமாதப் பிரசவத்தைத் தள்ளிப்போட 5 முதல் 7 நாட்களுக்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் சிசுவின் எலும்பு பாதிக்கப்படலாம் என 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு, முகவீக்கம் கண்டால் விடியும்வரை பொறுக்காமல் அன்றிரவே வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளை பிறந்த பிறகும் சில நாட்களுக்கு இந்த வலிப்பு வரக்கூடும்.