கைத்தொலைபேசியிற் பிரயாணச் சீட்டு

பிரயாணச் சீட்டு இரு கடமைகளைச் செய்கின்றது. கட்டணம் செலுத்தப்பட்டது என்பதற்கு அது சான்று. குறித்த இடத்திற் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்னும் உறுதிமொழியும் அதுவே. 1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மில்ரன் புகையிரத நிலைய அதிபராயிருந்த தோமஸ் எட்மன்சன், கையால் எழுதிக் கொடுக்கப்பட்ட துண்டுகளுக்குப் பதிலாகத் தொடரிலக்கம் பொறித்த சிறு அட்டைச் சீட்டை அமைத்தார். இலங்கைப் புகையிரதப் பகுதியும் அவ்வகை அட்டையை நெடுங்காலமாக வழங்கி வந்தது. அவ்வட்டைக்கு மின்சாரம் வேண்டியதில்லை. எழுத்தறியாதவரும் அதனைப் பயன்படுத்தலாம். வாங்குபவர் பெயரை அது வினவுவதுமில்லை.

அட்டைக்கும் குறைகள் உண்டு. யன்னலின் முன் வரிசையில் நிற்றல் வேண்டும்; சில்லறை தேடல் வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி இக்குறைகளை நீக்கியது. ஆயினும் அது பிறிதொரு மாற்றத்தையும் கொணர்ந்தது. சீட்டு வழங்கும் கருவியும், அதற்கு வேண்டிய மின்சாரமும், வலையிணைப்பும் முன்னர் நிறுவனத்தின் பொறுப்பாயிருந்தன. இப்பொழுது அவை பிரயாணியின் பொறுப்பாயின. ஆதலின், இப்பாரத்தை எவ்வளவு குறைக்கின்றது என்பதே நற்செயலிக்கு உரைகல்லாகும்.

முதலாவது தேவை, பயணம் முடியும்வரை சான்று நிலைத்திருத்தல். இடைவழியிற் பற்றரி ஓய்ந்தபின் பரிசோதகர் வருவாராயின், பணம் செலுத்தியவரும் செலுத்தாதவரும் ஒரே நிலையினராகத் தோன்றுவர். நேர்மையாளருக்கு இதனினும் பெரிய அவமதிப்பு இல்லை. சீட்டை வாங்குதற்கு வலையிணைப்பு வேண்டலாம், காட்டுதற்கு வேண்டலாகாது. வாங்கிய சீட்டு தொலைபேசியிலேயே சேமிக்கப்படுதல் வேண்டும். இலண்டன் நிலத்தடிப் புகையிரதத்தில் உட்செல்லும்போது தொலைபேசியையும் வெளியேறும்போது வங்கி அட்டையையும் காட்டினால், இரண்டும் ஒரே கணக்கிற்கு உரியனவாயினும், முடிவுறாத இரு பயணங்களாகக் கருதப்பட்டு மிகையான கட்டணம் அறவிடப்படலாம். இவ்விதியைப் பலர் பணம் இழந்த பின்னரே அறிகின்றனர். இத்தகைய விதிகளைச் செயலி முன்கூட்டியே தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

இரண்டாவது தேவை, நியாயமான கட்டணம். வலயம், நேரம், சலுகை ஆகியவற்றால் ஒரே பயணத்திற்குப் பல விலைகள் உண்டாகின்றன. அவற்றை ஆராய்ந்து தேர்தல் புதியவருக்கு எளிதன்று. இலண்டனில் ஒருநாட் பயணங்களின் கட்டணம் குறித்த எல்லையை எட்டியதும், மேற்கொண்டு அறவிடப்படுவதில்லை. சுவிற்சர்லாந்தில் 2016 இல் தொடங்கிய பெயார்டிக் செயலியில், ஏறும்போதும் இறங்கியபின்னும் பிரயாணி திரையைத் தொட்டாற் போதும். சென்ற வழிக்குரிய கட்டணத்தைச் செயலியே கணக்கிடுகின்றது. கட்டணப் பட்டியலைக் கல்லாமலே பயணஞ் செய்தல் கைகூடுகின்றது.

எனினும், இவ்வசதிக்காகப் பிரயாணி சென்ற வழி பதியப்படுகின்றது. ஒருவர் எங்குச் சென்றார், எப்பொழுது சென்றார் என்பன அவருடைய அந்தரங்கம். எனவே, வேண்டிய அளவிற்கு மேல் தகவல் திரட்டாமை மூன்றாவது தேவையாகும். யேர்மனியின் பிராங்பேர்ட் உயர் நீதிமன்றம் 2025 ஆம் ஆண்டில், மலிவுக் கட்டணச் சீட்டுக்கு மின்னஞ்சல் முகவரியையோ தொலைபேசி இலக்கத்தையோ கட்டாயமாகக் கேட்டமை தகவற் பாதுகாப்புச் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. வசதி என்னும் பெயரால் எதனையும் கேட்கலாம் என்னும் எண்ணத்திற்கு அத்தீர்ப்பு வரம்பிட்டது.

நான்காவது தேவை, செயலியைப் பயன்படுத்த இயலாதாருக்கு உரியது. முதியோர், பார்வை குறைந்தோர், வறியோர் ஆகியோருக்கும் பஸ் வண்டி பொதுவானது. இலண்டன் பஸ் வண்டிகளில் 2014 யூலை 6 முதல் காசு ஏற்கப்படவில்லை. ஆயினும் கடைகளிற் காசு கொடுத்து ஒயிஸ்ரர் அட்டைக்குப் பணம் நிரப்ப வழியிருந்தது. யேர்மனியில் 2023 மே 1 முதல் 49 யூரோவுக்கு வழங்கப்பட்ட நாடளாவிய மாதச் சீட்டும் தொலைபேசியில் மட்டுமன்றி அட்டையாகவும் கிடைத்தது. மலிவான கட்டணத்தைச் செயலிக்குள் மட்டும் அடைத்துவைத்தல், வசதியுள்ளாருக்குச் சலுகையும் வசதியற்றாருக்குத் தண்டமும் விதிப்பதாக முடியும்.

சுருங்கக் கூறின், பிரயாணி வேண்டுவது பல வர்ணத் திரையன்று. செலுத்திய பணத்திற்கு அழியாத சான்றும், ஐயமற்ற கட்டணமும், அந்தரங்கத்திற்குக் காப்பும், மாற்று வழியுமே அவர் வேண்டுவன. எட்மன்சனின் சிற்றட்டை இவற்றுட் பலவற்றை ஆரவாரமின்றி அளித்தது. புதிய கருவி அதனினும் மேம்பட்டது எனப்படுதற்கு, அவ்வட்டை அளித்த நம்பிக்கையை முதலில் அளித்தல் வேண்டும்.