இரண்டாவது பம்ப்

பைப்பர் செரோக்கி பிஏ-28, லைகாமிங் ஓ-320 எஞ்சின், 150 குதிரைத்திறன்

இந்த விமானத்தின் இறக்கை தாழ்வாக இருக்கிறது. பெட்ரோல் டாங்க்கும் அதற்குள்தான். செஸ்னா 172 போல இறக்கை தலைக்கு மேலே இருந்தால் பெட்ரோல் தானாகவே இறங்கி வந்துவிடும். இங்கே யாராவது மேலே ஏற்றியாக வேண்டும்.

அந்த வேலையை எஞ்சினே இயக்கும் டயாஃப்ரம் பம்ப் செய்கிறது. அதன் சவ்வு கிழிந்தால்? அதற்குத்தான் கண்ணாடிப் பெட்டியில் உள்ள இந்தச் சின்ன மின் பம்ப். சுவிட்சைப் போட்டதும் 'டிக் டிக்' என்று தட்டும். எஞ்சினைக் கிளப்புமுன் விமானி காது கொடுத்துக் கேட்பது இந்தச் சத்தத்தைத்தான்.

கிளம்பும்போதும் இறங்கும்போதும் டாங்க் மாற்றும்போதும் இது ஓடும். தரைக்கு அருகில் எஞ்சின் அணைந்தால் யோசிக்க நேரம் ஏது? போதிய உயரம் போனதும் இதை அணைத்துவிட்டு விமானி அழுத்தமானியைப் பார்ப்பார். முள் 0.5-க்கும் 8 பிஎஸ்ஐ-க்கும் நடுவே நின்றால் முதல் பம்ப் நலம். இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஓடினால், ஒன்று பழுதானது தெரியவே தெரியாது.

பக்கத்துப் பொத்தானை அழுத்துங்கள். அந்த 'டிக் டிக்' உங்களுக்கும் கேட்கும்.