பஞ்சர் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

விடியக்காலையில ஈ.சி.ஆர். பக்கம் ரோடு சைக்கிள் மிதிக்கிற பார்ட்டியா நீங்க? அடிக்கடி பஞ்சரா? ரோட்டைத் திட்டுறதுக்கு முன்னாடி டியூப்ல இருக்கிற ஓட்டையைப் பாருங்க பாஸ், காரணம் அதுலயே இருக்கு!

பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல 2 ஓட்டையா? காத்து கம்மி. பள்ளத்துல இறங்கினப்போ டியூப் ரிம்முல நசுங்கியிருக்கு. 25 மி.மீ. டயருக்கு, உங்க எடையைப் பொறுத்து 80 பி.எஸ்.ஐ. வாக்குல காத்து வேணும். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் செக் பண்ணுங்க.

ரிம் பக்கமா ஓட்டையா? ரிம் டேப் விலகியிருக்கும்.

வெளிப்பக்கமா? முள் இன்னும் டயர்லயே இருக்கலாம். உள்பக்கம் துணியால துடைச்சா மாட்டிக்கும். அதை எடுக்காம புது டியூப் மாட்டினா, காசு வேஸ்ட்!

டயரோட பக்கவாட்டுல கிழிசல் தெரிஞ்சா மட்டும் யோசிக்காம மாத்திடுங்க. இறக்கத்துல வெடிச்சா, ஒட்ட வேண்டியது டியூப் மட்டுமில்ல, உங்க முட்டியும்தான்!