குழந்தையின் கையில் காய்கறி

ஆறு மாதம் நிறைந்து, தலை நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் வேறு ஆகாரமும் வேண்டும். மசித்துத்தான் ஊட்ட வேண்டுமென்று நாம் எண்ணுகிறோம். கையிலேயே கொடுத்துப் பார்க்கலாமே! இங்கிலாந்தில் ஜில் ராப்லி அம்மையாரின் நூல் 2008-இல் வெளிவந்தபின் இம்முறை பிரபலமாயிற்று.

பூசணி, சர்க்கரைவள்ளி, காரட், நார் உரித்த பீன்ஸ் யாவும் ஏற்றவை. இப்பருவத்தில் குழந்தை உள்ளங்கையால் பற்றுமேயன்றி விரல் நுனியால் எடுக்க அறியாது. ஆகையால் நம் விரல் நீளத்துக்கு நறுக்கி, அழுத்தினால் நசுங்கும்வரை வேகவிட வேண்டும். உப்பு வேண்டாம். பாதி தரையில் விழும், விழட்டும்.

பச்சைக் காரட் மட்டும் கொடுக்கலாகாது. தொண்டையை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. குமட்டும் குழந்தை இருமும், சத்தமிடும். மூச்சடைத்த குழந்தைக்குக் குரலே எழும்பாது. அது உண்ணும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

இக்காய்களில் இரும்புச் சத்து சொற்பம். பாட்டி ஊட்டும் பருப்புச் சாதத்தை நிறுத்திவிட வேண்டாம்.