மண்ணிலிருந்து குளுக்கோமீட்டர் பட்டைக்கு

சலவைத் தூளில் இரத்தக் கறையைக் கரைக்கும் நொதிகள் பெரும்பாலும் பேசில்லஸ் என்னும் மண் பாக்டீரியாக்களிலிருந்து பெறப்படுபவை. மண் பாக்டீரியா தந்த வேறொரு நொதி, நீரிழிவு நோயாளர் பயன்படுத்தும் குளுக்கோமீட்டர் பட்டைகள் சிலவற்றின் நுனியில் உலர்ந்த நிலையில் உள்ளது.

அசினிடோபாக்டர் கால்கோஅசிட்டிகஸ் என்பது மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியா. அதன் குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ் நொதி, இரத்தத் துளியிலுள்ள குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கிறது. அவற்றால் உண்டாகும் சிறு மின்னோட்டத்தை அளந்தே கருவி எண்ணைக் காட்டுகிறது. பூஞ்சையிலிருந்து பெறப்படும் குளுக்கோஸ் ஆக்சிடேஸைப் பயன்படுத்தும் பட்டைகளில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறினால் கணக்கும் மாறக்கூடும். பாக்டீரியா நொதிக்கு அத்தொல்லை இல்லை. தயாரிப்பாளர்கள் அதனை விரும்பியதில் வியப்பில்லை.

ஆயினும் இந்நொதிக்கு ஒரு குறை உண்டு. மால்டோஸ் என்னும் சர்க்கரையோடும் அது வினைபுரியும். கருவி அதையும் குளுக்கோஸாகவே கணக்கிடும். பொதுவாக நம் இரத்தத்தில் மால்டோஸ் மிகக் குறைவு என்பதால் இடரில்லை. வயிற்றுவழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசலைப் பயன்படுத்துவோரின் நிலை வேறு. அக்கரைசலின் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மால்டோஸாகச் சிதைகிறது. சில இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்துகளிலும் மால்டோஸ் உண்டு.

இந்நிலையில், உண்மையான அளவு 60 ஆக இருக்க, கருவி 200 எனக் காட்டக்கூடும். அதை நம்பி இன்சுலின் செலுத்தினால் சர்க்கரை மேலும் தாழ்ந்து, மயக்கமும் உயிரிழப்பும் நேரலாம். 1997 முதல் 2009 வரை இத்தகைய பட்டைகளோடு தொடர்புடைய 13 மரணங்கள் தெரிவிக்கப்பட்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. அதன்பின் பல நிறுவனங்கள் நொதியின் அமைப்பைத் திருத்தின. சில வேறு நொதிக்கு மாறின. எனினும் பெட்டியைப் பார்க்காமல் எதையும் உறுதியாகக் கூற இயலாது. மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்தும் குடும்பத்தினர்கூடப் பட்டைப் பெட்டியின் குறிப்பைப் படிப்பது அரிது.

ஐகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்துவோர் அப்பெட்டியை டயாலிசிஸ் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றும்போது கருவி உயர்ந்த எண்ணைக் காட்டினால், இன்சுலின் செலுத்தாதீர்கள். விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்குக் குளுக்கோஸ் தூள் கரைத்துக் கொடுத்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஆய்வகப் பரிசோதனையில் உண்மை அளவு தெரிந்துவிடும். வேறு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், இக்கரைசலைப் பற்றி அங்குள்ள செவிலியரிடம் முதலிலேயே கூறுங்கள். கரைசலை நிறுத்திய பின்னும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இதன் தாக்கம் நீடிக்கும்.