முப்பது வயதில் அமெரிக்காவில் டாக்டர் ஆசையா? கெமிஸ்ட்ரியை எங்கே படிக்கப்போறீங்க?

அமெரிக்காவில் ஐ.டி வேலையில் இருக்கும் தம்பி திடீரென போன் போட்டு, ‘வேலையை விட்டுட்டு டாக்டருக்குப் படிக்கப்போறேன்’ என்றால், வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி, ‘இந்த வயசுலயா?’ என்பதாகத்தான் இருக்கும். உண்மையில் வயசு அங்கே பெரிய தடை இல்லை. முப்பதைத் தாண்டி மெடிக்கல் காலேஜில் சேர்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சிக்கல் அதற்கு முந்தைய கட்டத்தில். அந்தத் தம்பி நீங்களாகவே இருந்தால், பேப்பர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ப்ளஸ் டூ, நீட், எம்.பி.பி.எஸ் என்கிற நம்ம ஊர் ரூட் அங்கே பொதுவாகக் கிடையாது. முதலில் ஒரு டிகிரி வேண்டும். அது வரலாறாக இருக்கலாம், இசையாக இருக்கலாம், கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். ஆனால் பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றும் ஒரு வருடம் வீதம், லேபோடு, கல்லூரி அளவில் முடித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான மெடிக்கல் காலேஜ்கள் எதிர்பார்க்கின்றன. பல இடங்களில் பயோகெமிஸ்ட்ரியும் கேட்பார்கள். இதோடு எம்கேட் என்ற நுழைவுத்தேர்வு. பத்து வருஷமா கோடிங் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இந்தப் பாடங்களை எங்கே போய்ப் படிப்பது?

அதற்கு முன் நம்மவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வாங்கிய பி.இ, பி.எஸ்ஸி பட்டம் மட்டும் கையில் இருந்தால் பல மெடிக்கல் காலேஜ்கள் ஏற்பதில்லை. விண்ணப்பங்களை ஒருங்கிணைக்கும் ஆம்காஸ் அமைப்பு வெளிநாட்டு மார்க்கைச் சரிபார்ப்பதும் இல்லை, ஜி.பி.ஏ கணக்கில் சேர்ப்பதும் இல்லை. அதாவது அண்ணா யுனிவர்சிட்டியில் நீங்கள் வாங்கிய டிஸ்டிங்ஷனுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. அமெரிக்காவிலோ கனடாவிலோ குறிப்பிட்ட அளவு கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்பார்கள். முழு டிகிரியே வேண்டும் என்கிற காலேஜ்களும் உண்டு. விசா இன்னொரு சுவர். கிரீன் கார்டு இல்லாதவர்களை எடுக்கிற மெடிக்கல் காலேஜ்கள் குறைவு. ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம், ஹெச்-1பி-யில் இருப்பவர்கள் வேலையைத் தொடர்ந்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்கலாம். ஆனால், படிக்க முடிவதும் மெடிக்கலில் சீட் கிடைப்பதும் வேறு வேறு. இந்த இரண்டையும் பார்க்காமல் ஃபீஸ் கட்டாதீர்கள், ப்ளீஸ்.

சரி, இடத்துக்கு வருவோம்.

கையைக் கடிக்காத வழி கம்யூனிட்டி காலேஜ். கலிபோர்னியாவில் அந்த மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். ஐந்து யூனிட் கெமிஸ்ட்ரி என்றால் 230 டாலர்தான் ஃபீஸ். ‘மலிவு, அதனால மட்டம்’ என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. வகுப்பும் பெரும்பாலும் சின்னது, வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால், சில மெடிக்கல் காலேஜ்கள் நான்கு வருட யுனிவர்சிட்டியில் படித்ததைத்தான் விரும்புகின்றன. எம்.எஸ்.ஏ.ஆர் என்ற தகவல் தொகுப்பில் எந்தக் காலேஜ் கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை ஏற்கிறது, எது ஆன்லைன் லேபை ஏற்கிறது என்பதெல்லாம் இருக்கிறது. அமெரிக்க மெடிக்கல் காலேஜ்களின் சங்கமே வெளியிடுவது. வாட்ஸ்அப் குரூப்பில் விசாரிப்பதைவிட இதைப் பார்ப்பது உத்தமம்.

அடுத்து, போஸ்ட்-பேக். துறை மாறி வருகிறவர்களுக்கென்றே நடத்தப்படும் திட்டங்கள். கொலம்பியா யுனிவர்சிட்டியில் 1955-லிருந்து இருக்கிறது. பிரின் மார், கௌச்சர் காலேஜ்களில் எல்லா அறிவியல் பாடங்களையும் ஒரு வருடத்துக்குள் அழுத்தி முடித்துவிடுவார்கள். ஆலோசகர், பரிந்துரைக் கடிதம் எல்லாம் உண்டு. சில இடங்களில் ‘லிங்கேஜ்’ என்றொரு ஏற்பாடும் இருக்கிறது. சாதாரணமாக, இந்த வருடம் ஜூன் வாக்கில் விண்ணப்பித்தால் அடுத்த வருடக் கோடையில்தான் மெடிக்கல் காலேஜ் வாசலை மிதிக்க முடியும். லிங்கேஜ் கிடைத்தால் அந்தக் காத்திருப்பு வருடம் மிச்சம். ஆனால் வேலையை விட்டாக வேண்டும், செலவும் பல பத்தாயிரம் டாலர். வீட்டில் ஒரு சம்பளம், கைக்குழந்தை, மார்ட்கேஜ் என்று இருப்பவர்களுக்கு இது சரிப்பட்டு வராது என்பது என் எண்ணம்.

மூன்றாவது, வீட்டுப் பக்கத்து அரசு யுனிவர்சிட்டியில் டிகிரியில் சேராமல், வேண்டிய பாடத்தை மட்டும் எடுத்துப் படிப்பது. பாஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் ஸ்கூல் மாலை வகுப்புகள் நடத்துகிறது. வேலையோடு படிக்க இதுதான் ஏற்றது. ஒரு தொல்லை: டிகிரி மாணவர்கள் பதிவு செய்து முடித்த பிறகுதான் பல இடங்களில் உங்கள் முறை வரும். லெக்சரில் இடம் கிடைத்து லேபில் கிடைக்காமல் போவது சகஜம்.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஜெனரல் கெமிஸ்ட்ரி முடிக்காமல் ஆர்கானிக்கில் உட்கார விடமாட்டார்கள். ஆர்கானிக் படிக்காமல் பயோகெமிஸ்ட்ரி கிடையாது. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்று. முதல் பெட்டியை ஆகஸ்ட்டில் தவறவிட்டால் பல இடங்களில் ஒரு வருடமே போச்சு. பயாலஜியும் பிசிக்ஸும் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடலாம், கெமிஸ்ட்ரியை அவசரப்படுத்த முடியாது.

எந்த இடம் என்பதைவிட எனக்குப் பயமாகத் தெரிவது மார்க். கம்யூனிட்டி காலேஜில் படித்தாலும், கொலம்பியாவில் படித்தாலும், அமெரிக்காவில் எடுத்த ஒவ்வொரு கிரேடும் ஆம்காஸ் கணக்கில் ஏறும். ஒரு பாடத்தில் சி வாங்கிவிட்டு, திரும்பப் படித்து ஏ வாங்கினால் சி அழியாது. இரண்டும் சேர்ந்தே கணக்கு. இந்தியப் பட்டம் கணக்கில் வராத நமக்கு இது இன்னும் கூர்மையான கத்தி. மொத்த ஜி.பி.ஏ-வும் இந்தச் சில பாடங்களின் மேல்தான் நிற்கப்போகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க முன்பு வாங்கிய நல்ல மார்க் எதுவும் இல்லை. முழு நேர வேலை, ஆன்-கால் டியூட்டி, மூன்று அறிவியல் பாடம் என்று ஒரே செமஸ்டரில் ஏற்றிக்கொள்வது வீரம் இல்லை. கைவிட வேண்டி வந்தால் கடைசித் தேதிக்குள் விலகிவிடுங்கள். சான்றிதழில் ஒரு டபிள்யூ விழும், ஜி.பி.ஏ-வில் விழாது.

நீங்கள் கிரீன் கார்டு உள்ளவர், வேலையை விட முடியாதவர் என்றால் நான் சொல்வது இதுதான்: ஒரு செமஸ்டர் ஜெனரல் கெமிஸ்ட்ரி மட்டும் கம்யூனிட்டி காலேஜில் எடுத்துப் பாருங்கள். பதினைந்து வருடம் கழித்து லேப் நோட்புக் எழுதுவது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது சில நூறு டாலரில் தெரிந்துவிடும். ஒத்துவந்தால், ஆர்கானிக்கையும் பயோகெமிஸ்ட்ரியையும் நான்கு வருட யுனிவர்சிட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் குறிவைக்கும் ஐந்தாறு மெடிக்கல் காலேஜ்களின் அட்மிஷன் ஆபீஸுக்கு இப்போதே ஒரு மெயில் தட்டிவிடுங்கள்: ‘இந்தியப் பட்டம், இந்த விசா, இந்த இடத்தில் படித்த பாடம், ஏற்பீர்களா?’ பதில் எழுத்தில் வந்ததும் சேமித்து வையுங்கள். பாடங்கள் ரொம்பப் பழையதாக இருந்தால் சில காலேஜ்கள் மறுபடி படிக்கச் சொல்லும், எம்கேட் மார்க்கும் இரண்டு மூன்று வருடத்தில் காலாவதியாகும். அதனால் தேர்வை ஆர்கானிக் முடிகிற சமயத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஆர்வத்தில் முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள்.